ஓம் சக்தி ‘ஓம் சகதி’ ஆனது: 27 அங்குலத் திரையில் எழுத்து ஏன் மங்குகிறது?

செம்பனை_நிழல் (சனி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, கோயில் அறிக்கை ஆகியவற்றை வீட்டிலிருந்தே வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆறு ஆண்டுகளாக 14 அங்குல மடிக்கணினியிலேயே ஓட்டிவிட்டேன். கண் எரிச்சல் தாங்காமல் போன வாரம் ஈப்போவில் ஒரு பழைய பொருள் கடையில் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினேன். 480 வெள்ளி (ரிங்கிட்).

கடையில் இணைத்துப் பார்த்தபோது எழுத்து எறும்பு போல் இருந்தது. “இப்படிச் செய்தால் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் தெளிவுத்திறனை (ரெசல்யூஷன்) 1920×1080க்கு இறக்கிக் கொடுத்தார். எழுத்து பெரிதானது. நானும் மகிழ்ச்சியோடு தூக்கி வந்துவிட்டேன்.

வீட்டில் வேலை செய்யும்போதுதான் தெரிகிறது, எல்லாமே எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் இருப்பது போல் மங்கலாக இருக்கிறது. நேற்று தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி அறிக்கையைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. தலைப்புக்கு மேலே சிறிய எழுத்தில் ‘ஓம் சகதி’ என்று இருக்கிறது. தட்டச்சில் ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன், திரையில் மூன்று முறை படித்தும் அது கண்ணில் படவில்லை. ஆயிரம் தாள் அடித்திருந்தால் கோயில் தலைவர் என்னையே தீக்குழியில் இறக்கியிருப்பார்.

மானிட்டர் பழுதா, நான் ஏதும் தவறு செய்கிறேனா?

---

பழைய_கிராணி (சனி, இரவு 10.15)

அம்மா, பழுதெல்லாம் இருக்காது. என் வீட்டில் 22 அங்குலத் திரை. 1280×720 வைத்திருக்கிறேன். எழுத்து கொட்டைப்பாக்கு அளவுக்குத் தெரிகிறது. நீயும் இன்னும் ஒரு படி இறக்கிப் பார். 38 ஆண்டுகள் தோட்டத்தில் செக்ரோல் (ஆள் வருகை, சம்பளக் கணக்கேடு) எழுதிய கண்ணுக்கே போதுமானதாக இருக்கிறது.

---

மின்கம்பி (சனி, இரவு 11.02)

கிராணி ஐயா, மன்னிக்க வேண்டும், தங்கச்சிக்கு நீங்கள் சொல்வது நேர்மாறான வைத்தியம். டவுனில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். “புது மானிட்டர் மங்குகிறது” என்று கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் இதே வேலையைத்தான் செய்திருப்பார்கள்.

தங்கச்சி, உங்கள் மானிட்டரில் அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160 என்று ஏறக்குறைய 83 லட்சம் படப்புள்ளிகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. கூட்டவோ குறைக்கவோ முடியாது. கணினி 1920×1080 படம் அனுப்பினால், மானிட்டர் அதை இழுத்து நீட்டி 83 லட்சம் புள்ளிகளிலும் பூச வேண்டும். அந்தப் பூச்சில்தான் உங்கள் ‘க்’ தலையிலிருக்கும் புள்ளி காணாமல் போகிறது. ஆங்கில எழுத்து இந்தக் கொடுமையை ஓரளவு தாங்கும். நம் ண, ன, ஞ எல்லாம் சுழியிலேயே உயிர் வாழ்கிற எழுத்துகள்.

தெளிவுத்திறனை 3840×2160க்கே கொண்டு போங்கள். எழுத்தைப் பெரிதாக்குவதற்கு அதே பக்கத்தில் ‘ஸ்கேல்’ என்று தனியாக இருக்கிறது, அதை 150 விழுக்காடு ஆக்குங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போனால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். மேலே மானிட்டர் படத்தில் 2 என்ற எண்ணை அழுத்திய பிறகு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கணினித் திரை மாறிவிடும்.

ஸ்கேலைக் கூட்டினால் கணினி ஒவ்வோர் எழுத்தையும் அதிகப் புள்ளிகளைக் கொண்டு புதிதாக வரைகிறது. தெளிவுத்திறனை இறக்கினால், வரைந்து முடித்த படத்தை மானிட்டர் பிடித்து இழுக்கிறது.

---

பழைய_கிராணி (ஞாயிறு, காலை 6.20)

பெரட்டுக்கு (தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) எழுந்த பழக்கம், இன்னும் விடவில்லை. தம்பி, நீ சொல்வது புத்தகத்தில் சரியாக இருக்கலாம். தோட்ட ஆபீசுக்கு முதல் கணினி வந்தபோது தெளிவுத்திறனை இறக்கினால் எழுத்து பெரிதாகும் என்று எனக்குக் காட்டியவரே கணினி கொண்டுவந்து பொருத்திய ஆள்தான். 800×600. மங்கவே இல்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் சம்பளப் பட்டியலுக்குத் தலைப்புகூட அடித்திருக்கிறேன், புள்ளி எல்லாம் புள்ளியாகத்தான் இருந்தது.

---

மின்கம்பி (ஞாயிறு, காலை 8.45)

ஐயா சொல்வது உண்மை, அன்றைக்கு அதுதான் சரியான வழி. அது பின்பக்கம் பானை போல் புடைத்திருந்த சிஆர்டி பெட்டி. அதில் மின்னணுக் கற்றை திரையை வரிவரியாகத் தடவிக்கொண்டு போகும். 800×600 கேட்டால் வரிகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டுவிடும். இத்தனை கட்டங்களுக்குள்தான் படம் விழ வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. தட்டையான எல்சிடி திரை வந்ததும் கணக்கு மாறியது, பழக்கம் மட்டும் நம் கையோடு வந்துவிட்டது.

உங்கள் 22 அங்குலத் திரையையே தோட்டக் கணக்கில் சொல்கிறேன். ஒரு நிரைக்கு 1920 பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) நட்டிருக்கிறது. நீங்கள் 1280 பேரை வெட்டுக்கு அனுப்புகிறீர்கள். ஆளுக்கு எத்தனை மரம்?

---

பழைய_கிராணி (ஞாயிறு, காலை 8.58)

ஒன்றரை.

---

மின்கம்பி (ஞாயிறு, காலை 9.05)

அந்த அரை மரத்தை யார் வெட்டுவது? பக்கத்துப் பக்கத்து ஆள்கள் இருவரும் ஆளுக்கொரு கத்தி போடுவார்கள். உங்கள் எழுத்தின் ஓரத்தில் சாம்பல் நிறமாகத் தெரிகிறதே, அது இதுதான். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பங்காளிச் சண்டை.

---

இரட்டைக்கோடு (ஞாயிறு, காலை 11.30)

ஒரு சந்தேகம். கிராணி ஐயாவுக்கு ஒன்றரை மரம், சரி. செம்பனை_நிழல் வைத்திருந்தது 1920, மானிட்டரில் இருப்பது 3840. ஆளுக்குச் சரியாக இரண்டு மரம். பங்காளிச் சண்டைக்கே இடமில்லையே. பிறகு ஏன் மங்குகிறது?

---

மின்கம்பி (ஞாயிறு, மதியம் 1.10)

நல்ல கேள்வி. ஒரு புள்ளியை நான்காக நகலெடுத்தால் மங்கக் கூடாதுதான். பெரும்பாலான மானிட்டர்கள் அப்படி நகலெடுப்பதில்லை. எந்த விகிதம் வந்தாலும் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து குழைத்துவிடுவதே அவற்றின் வழக்கம், கணக்கு சரியாக வகுபட்டாலும் அதே குழைசல்தான். இன்டெல், என்விடியா இரண்டும் 2019இல் முழு எண் விகிதத்துக்கென்று தனி வசதி கொடுத்தன, ஆனால் அன்றைய புதிய சில்லுகளுக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான்.

அப்படியே கிடைத்தாலும் பயன் குறைவு. 27 அங்குலத்தில் 1920×1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு 82 புள்ளிகள்தான். 14 அங்குல மடிக்கணினி பெரும்பாலும் 1920×1080ஆகத்தான் இருக்கும், அது அங்குலத்துக்கு 157. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 82 எப்படிப் பிடிக்கும்? அந்த மானிட்டரை முழு 4கேயில் ஓட்டினால் 163. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே இரண்டு திரைக்கும் 150 வைத்தால் ஜன்னலை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுக்கும்போது அளவு குதிக்காது. பலர் காசு கொடுத்தும் அமையாத பொருத்தம், தங்கச்சிக்குத் தெரியாமலே அமைந்திருக்கிறது.

---

செம்பனை_நிழல் (ஞாயிறு, இரவு 8.15)

அண்ணா சொன்னபடியே செய்தேன். 3840×2160, ஸ்கேல் 150. மடிக்கணினியும் நீங்கள் சொன்ன 1920×1080தான், அதில் முன்பே 150 இருந்தது. சோதிப்பதற்கு ‘சக்தி’ என்று 10 அளவில் அடித்தேன். புள்ளி தனியாக, வட்டமாக, க-வைத் தொடாமல் நிற்கிறது. பக்கத்தில் அம்மா இருந்தார்கள். அவர்கள் கண்ணாடி இல்லாமலே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள்.

ஆனால் இப்போது வேறு தொல்லை. எலியை நகர்த்தினால் அம்புக்குறி சேற்றில் இறங்கிய மாடு போல் வருகிறது. பக்கத்தை உருட்டினால் விட்டுவிட்டு ஓடுகிறது. 1920×1080இல் இப்படி இல்லை. மடிக்கணினிக்குச் சக்தி போதவில்லையா? எட்டாம் தலைமுறை இன்டெல், 2018இல் வாங்கியது. எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருக்கிறேன்.

---

மின்கம்பி (ஞாயிறு, இரவு 9.30)

மடிக்கணினியைத் திட்டாதீர்கள், படம் போகும் குழாய்தான் சிறியது. டிஸ்ப்ளே பக்கத்தின் அடியில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ என்று இருக்கும். அதில் எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை படம்) என்று பார்த்துச் சொல்லுங்கள். 30 என்று இருக்கும் என்பது என் ஊகம்.

அதே இடத்தில் ‘டெஸ்க்டாப் மோட்’, ‘ஆக்டிவ் சிக்னல் மோட்’ என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். வேறுபட்டால் மானிட்டருக்குப் போகும் முன்பே கணினி படத்தை நீட்டுகிறது என்று பொருள். மங்கலுக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ஏனோ யாரும் பார்ப்பதில்லை.

---

செம்பனை_நிழல் (ஞாயிறு, இரவு 9.41)

இரண்டு வரிகளிலும் 3840×2160. ஹெர்ட்ஸ் 30. அண்ணாவுக்கு ஜாதகமும் பார்க்கத் தெரியுமா?

---

மின்கம்பி (ஞாயிறு, இரவு 10.20)

83 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை. பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 1194 கோடி பிட். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 நொடிக்கு 1020 கோடிதான் கடத்தும், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே செலவாகிவிடும். அதனால் 4கே கேட்டால் பாதி வேகத்தில், நொடிக்கு 30 படம்தான் தரும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி நொடி. கையின் அசைவுக்கும் அம்புக்குறிக்கும் இடையில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 1800 கோடி வரை கடத்துவதால் அதில் 60 தாராளமாகக் கிடைக்கும்.

உங்கள் தலைமுறை இன்டெல் சில்லில் எச்டிஎம்ஐ 1.4தான் இயல்பாக இருக்கிறது. தயாரிப்பாளர் கூடுதலாக ஒரு சில்லு வைத்தால்தான் 2.0 வரும். உங்களுடையதில் அது இல்லை போலும். ஆகவே விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். துளையே சிறியது, தங்கமுலாம் பூசி என்ன பயன்?

மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை இருக்கிறதா? அதன் பக்கத்தில் டி எழுத்துக்குள் பி எழுத்தை நுழைத்தது போன்ற சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால், அதன் வழியாக டிஸ்ப்ளேபோர்ட் படம் வரும். ஒரு முனை யுஎஸ்பி-சி, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் ஒன்றை வாங்கி நேராக மானிட்டரில் செருகுங்கள். நடுவில் பல துளை உள்ள ‘ஹப்’ எதையும் வைக்காதீர்கள். பல ஹப்கள் அந்தத் துளையில் படம் போகும் நான்கு பாதைகளில் இரண்டை யுஎஸ்பிக்கு எடுத்துக்கொண்டு, உங்களைப் பழையபடி 30இல் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

---

கரும்பலகை (திங்கள், மாலை 4.10)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் வகுப்பில் மானிட்டர் கிடையாது, பெற்றோர் வாங்கிக் கொடுத்த 43 அங்குலத் தொலைக்காட்சியைத்தான் மடிக்கணினியோடு இணைக்கிறோம். தெளிவுத்திறன் சரியாகவே இருக்கிறது. ஆனால் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே கடிகாரம் பாதிதான் தெரிகிறது. இன்னொன்று, கறுப்புப் பின்னணியில் சிவப்பில் விடை எழுதினால் எழுத்து ஊறிப்போனது போல் தெரிகிறது. வெள்ளை எழுத்து நன்றாக இருக்கிறது. மாணவர்கள் “ஆசிரியர், சிவப்பு வேண்டாம்” என்கிறார்கள்.

---

மின்கம்பி (திங்கள், மாலை 6.35)

ஆசிரியர் ஐயா, ஓரம் வெட்டுவது தொலைக்காட்சியின் பரம்பரைப் பழக்கம். அந்தக் காலப் பெட்டிகளில் படத்தின் ஓரம் கோணலாக இருக்கும், அதை மறைக்கப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். தொலைக்காட்சியின் பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். அதைத் தேர்ந்தெடுங்கள். கணினியில் தெளிவுத்திறனைக் குறைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

சிவப்பு ஊறுவதற்குக் காரணம் வேறு. பல தொலைக்காட்சிகள் ஒளியை முழுமையாகவும் நிறத்தைக் குறைத்தும் வாங்கிக்கொள்ளும். நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம். திரைப்படத்தில் தெரியாது, சிவப்பு எழுத்தில் அப்பட்டமாகத் தெரியும். உள்ளீட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள். பல பெட்டிகளில் பெயரை மாற்றினாலே முழு நிறத்துக்கு மாறிவிடும். எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் பலிக்கிறது.

---

ஊர்விட்டவன் (திங்கள், இரவு 9.50)

நானும் சுங்கை சிப்புட்தான், இப்போது கோலாலம்பூரில். மேக் வைத்திருக்கிறவர்களுக்காக ஒரு வரி. 27 அங்குல 4கே திரையில் ‘2560×1440 போலத் தெரியும்’ என்ற தெரிவை எடுத்தால், மேக் உள்ளே 5120×2880 அளவில் வரைந்து, பிறகு 3840×2160க்குச் சுருக்கி அனுப்புகிறது. நுணுகிப் பார்த்தால் மிகச் சிறு மென்மை தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை. அதே மேக்கை 27 அங்குல 2560×1440 திரையில் இணைத்தால்தான் நொந்துபோவீர்கள். குறைந்த அடர்த்தித் திரைகளுக்கென்று எழுத்தைச் சீராக்கிக் கொடுத்த முறையை ஆப்பிள் 2018இல் மோஹாவி பதிப்போடு கைவிட்டுவிட்டது. விண்டோஸில் அழகாகத் தெரிகிற அதே திரையில் மேக்கின் தமிழ் எழுத்து இளைத்துப் போயிருக்கும்.

---

செம்பனை_நிழல் (புதன், இரவு 8.30)

கேபிள் வந்துவிட்டது. மின்னல் சின்னம் இல்லை, டி-பி சின்னம் இருந்தது. செருகினேன். 60 ஹெர்ட்ஸ். மாடு சேற்றிலிருந்து கரையேறிவிட்டது!

கடைசியாக ஒன்றே ஒன்று. உலாவி, கோப்புகள், மின்னஞ்சல் எல்லாம் கண்ணாடி போல் இருக்கின்றன. ஆனால் நான் பத்திரிகை வடிவமைக்கும் பழைய செயலி மட்டும் இன்னும் மங்குகிறது. அதைக் கைவிட முடியாது, பத்தாண்டு வாடிக்கையாளர்களின் கோப்புகள் எல்லாம் அதில்தான், அதுவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில்.

---

மின்கம்பி (புதன், இரவு 10.05)

அந்தச் செயலி எழுதப்பட்ட காலத்தில் 100 விழுக்காட்டைத் தவிர வேறு ஸ்கேல் இருக்கும் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு திரைக்கும் தனி ஸ்கேல் என்பதே 2013இல், விண்டோஸ் 8.1இல்தான் வந்தது. விவரம் தெரியாத செயலியைக் கண்டால் விண்டோஸ் அதைச் சிறிதாக வரையவிட்டு, பிறகு படமாக இழுத்துப் பெரிதாக்குகிறது. அதாவது ஈப்போ கடைக்காரர் செய்த அதே வேலை, ஒரு ஜன்னலுக்கு மட்டும்.

செயலியின் சின்னத்தில் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. அடியில் உள்ள கட்டத்தில் குறியிட்டு, பட்டியலில் ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ எடுங்கள். பழைய முறையில் எழுதப்பட்ட செயலிகளில் எழுத்தை மட்டும் கூர்மையாக வரைந்து கொடுக்கும். படங்கள் மங்கலாகவே இருக்கும். அது சரிப்படாவிட்டால் அதே பட்டியலில் ‘அப்ளிகேஷன்’. எல்லாம் கூர்மையாகும், ஆனால் பொத்தான்கள் எறும்பாகிவிடும். செயலியை மூடித் திறந்த பிறகுதான் மாற்றம் தெரியும்.

---

செம்பனை_நிழல் (வியாழன், காலை 10.20)

என்ஹான்ஸ்டு எடுத்ததில் மெனுக்கள் தெளிந்தன, ஆனால் பக்கத்தின் உள்ளே எழுத்து சில இடங்களில் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. ‘அப்ளிகேஷன்’ எடுத்துவிட்டேன். பொத்தான்கள் சிறுத்துப்போய்விட்டன, உண்மைதான். பத்தாண்டுப் பழக்கம், எந்தப் பொத்தான் எங்கே என்று கை அறியும். பக்கத்தை மட்டும் 200 விழுக்காடு பெரிதாக்கி வைத்துக்கொள்கிறேன்.

தீமிதி அறிக்கையின் கடைசித் திருத்தத்தைக் காலையில் அனுப்பினேன். உபயகாரர் பட்டியலில் விடுபட்ட புள்ளிகள் இன்னும் மூன்றைக் கண்டுபிடித்தேன். ஒருவர் பெயரில் ‘முத்து’ என்பது ‘முதது’ என்று இருந்தது. நூறு வெள்ளி கொடுத்தவர்.

---

பழைய_கிராணி (வியாழன், மாலை 5.45)

தம்பி மின்கம்பி, பிடிவாதம் பிடிக்கவில்லை. 1920×1080 ஆக்கி, ஸ்கேலை 175 வைத்துப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், மரண அறிவித்தல் பக்கத்தில் முகங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. தெரிந்தவர்கள் அதிகம் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

ஆனால் என் சீட்டாட்டத்தில் கீழ்வரிசைச் சீட்டுகள் திரைக்கு வெளியே போய்விட்டன. மேலே இழுத்தாலும் வரவில்லை. எங்கே போய்த் தேடுவது?

---

மின்கம்பி (வியாழன், மாலை 6.10)

175 வைத்தால் உங்கள் திரையின் உயரம் செயலிகளுக்கு 617 புள்ளிகள் போலத்தான் தெரியும் ஐயா, பழைய விளையாட்டு ஜன்னல் அதற்குள் அடங்காது. 125 ஆக்குங்கள். உலாவியில் படிக்கும்போது மட்டும் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் அந்தப் பக்கம் மட்டும் பெரிதாகும். கன்ட்ரோலும் பூஜ்யமும் தட்டினால் பழையபடி ஆகிவிடும்.

---

பழைய_கிராணி (வியாழன், மாலை 6.32)

சீட்டுகள் வந்துவிட்டன. இஸ்பேட் ராணி அத்தனை நேரமும் அங்கேதான் ஒளிந்திருந்திருக்கிறாள். ஞாயிறு காலை டவுனுக்கு வருகிறேன், கடை திறந்திருக்குமா?

---

மின்கம்பி (வியாழன், மாலை 6.34)

ஒன்பது மணிக்குத் திறப்பேன் ஐயா. எதிர் ஒட்டுக்கடையில் தே தாரிக் உங்கள் கணக்கு.